சம்பந்தியுடன் ஹரித்துவார் வரை

பீடோங்கில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், பாக்கியத்திடம் ஒரு காரியத்தைக் கொடுத்தால் முடிக்காமல் ஓயமாட்டாள் என்று. தமிழ்ப்பள்ளிச் சிற்றுண்டிச்சாலையைத் தனி ஆளாக நடத்துகிறேன். மணி அடித்ததும் மொத்தப் பள்ளிக்கூடமும் என் முன்னால் வந்து விழும். ஒரு பிள்ளைகூட பசியோடு வகுப்புக்குத் திரும்பியதில்லை. அப்படிப்பட்டவளுக்கு வடக்கே நாலு ஊர் சுற்றிவரத் திட்டம் போடுவதா பெரிய வித்தை?

யோசனை என்னவோ பிள்ளைகளுடையது. என் மகள் தர்ஷினிக்கும் சுங்கைப் பட்டாணி பிரகாஷுக்கும் ஆவணியில் கல்யாணம் என்று முடிவாகியிருந்தது. கல்யாண வேலைகள் கழுத்தை நெரிப்பதற்கு முன்னால் இரண்டு அம்மாக்களும் சேர்ந்து எங்கேயாவது போய் வாருங்கள் என்று இருவரும் பிடிவாதம் பிடித்தார்கள். மார்ச் பள்ளி விடுமுறையில் வட இந்தியாவில் வசந்த காலமாம், குளிரும் இருக்காது வெயிலும் இருக்காது என்றாள் மகள். மலாய் நாட்டில் நமக்குத் தெரிந்த காலமெல்லாம் மழைக்காலம், டுரியான் காலம் இரண்டுதான். வசந்தத்தையும் பார்த்துவிடுவோமே என்று சரி சொன்னேன்.

ஆனால் நான் சரி சொன்னதற்கு உண்மையான காரணம் வேறு. கல்யாணத்துக்குப் பிறகு பிள்ளைகள் எங்கே குடியிருப்பது என்பதில் எனக்கும் சம்பந்தி கோமளத்துக்கும் மௌனப் போர் நடந்துகொண்டிருந்தது. நிச்சயத்தன்றே அவர், தம் வீட்டு மாடி அறை தயாராகிவிட்டது என்று எல்லார் காதிலும் விழும்படி சொன்னார். நானோ பீடோங்கில் என் வீட்டுக்குப் பின் தெருவில் ஒரு வரிசை வீட்டைப் பார்த்து வைத்திருந்தேன். பீடோங்குக்கும் சுங்கைப் பட்டாணிக்கும் என்ன பெரிய தூரம், மோட்டார் சைக்கிளில் ஏறி உட்கார்ந்தால் உடம்பு சூடாவதற்குள் போய்விடலாம். இருந்தாலும் பின் தெரு பின் தெருதான். தர்ஷினி நடக்கப் பழகிய வயதிலேயே அவள் அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். எனக்கு அவளை விட்டால் வேறு யார்? சாயங்காலம் அவள் வந்து என் அடுப்படியில் நின்று, "என்னாம்மா சமையல்?" என்று கேட்க வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை.

அதனால் ஊர்களை நான் அடுக்கிய விதமே தனி. டில்லியில் பழகுவது, ஆக்ராவில் பேச்சை எடுப்பது, ஜெய்ப்பூரில் சம்மதம் வாங்குவது, ஹரித்துவாரில் கங்கைக்கு நன்றி சொல்வது. மகளிடம் இந்தத் திட்டத்தைச் சொன்னபோது அவள் ஏனோ சிரிக்கவில்லை. "அத்தையோட நல்லாப் பேசுங்கம்மா, அவங்க சொல்றதையும் கேளுங்க," என்று மட்டும் சொன்னாள்.

பெட்டி கட்டும்போது முதலில் வைத்தது ரைஸ் குக்கர். நம் ஆட்கள் எந்தத் தேசத்துக்குப் போனாலும் குக்கரும் சம்பலும் இல்லாமல் போகமாட்டோம், கேலி செய்கிறவர்கள் செய்துகொள்ளட்டும். எனக்கு மிளகாய் அரைத்து நெத்திலி போட்டு வதக்கிய சம்பல் ஒரு போத்தல். சம்பந்திக்குத் தனியாக, நெத்திலி போடாத சைவச் சம்பல் ஒரு போத்தல். அவர் கவுச்சியை விட்டு ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. பெண் பார்க்க வந்தபோதே, "பிள்ளைக்காக ஒரு வேண்டுதல்," என்று சொல்லி மீன் குழம்பைத் தள்ளி வைத்தார். மகனுக்கு நல்ல பெண் அமைய வேண்டும் என்று வேண்டியிருப்பார், அந்த நல்ல பெண் என் மகள்தான் என்று நானே முடிவு செய்து பெருமைப்பட்டுக்கொண்டேன்.

டில்லியில் இறங்கியதும் முதல் அதிர்ச்சி, வசந்த காலத்தில் இலை கொட்டிக்கொண்டிருந்தது. சாலையோரம் முழுக்க வேப்பிலைச் சருகு. எங்கள் பக்கத்தில் ஆங்கில வருடப் பிறப்புக்குப் பிறகு ரப்பர் மரங்கள் இலை உதிர்த்துவிட்டு ஒரேயடியாகத் துளிர்க்குமே, அதே சங்கதி. கோமளம் அக்கா கீழே குனிந்து ஒரு சருகை எடுத்துப் பார்த்தார். "இதைப் பாக்கவா பிளேன் ஏறி வந்தோம், சுங்கை லாலாங்குக்கே போயிருக்கலாம் லா," என்றார். பிறந்து வளர்ந்ததெல்லாம் அவருக்கு அந்த ரப்பர் தோட்டப் பக்கம்தான். பிறகு கையுறைத் தொழிற்சாலையில் சேர்ந்து மேற்பார்வையாளராக ஓய்வு பெற்றவர். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். பேச்சு குறைவு, பார்வை அதிகம்.

எங்கள் முகத்தைப் பார்த்து எல்லாரும் இந்தியில் கொட்டினார்கள். தெரியாது என்றால் நம்பவில்லை. ஆட்டோக்காரர் ஒருவர், "இந்த முகத்தை வைத்துக்கொண்டு எந்த வெளிநாடு?" என்று கேட்டதாகச் சம்பந்தி மொழிபெயர்த்தார். அவருக்கு இந்தி வந்தது சனிக்கிழமை தொலைக்காட்சியில் மலாய் எழுத்தோடு ஓடும் படங்களிலிருந்து. "என் உயிர் நீதான்", "தாய்மேல் ஆணை", "இந்தத் திருமணம் நடக்காது" எல்லாம் சரளமாக வரும். ரயில் நிலையம் எந்தப் பக்கம் என்று கேட்க வராது. அந்த ஆட்டோக்காரரிடம் ஏதோ தைரியமாகச் சொன்னார், மனிதர் எங்களைக் கோட்டைக்குப் பதில் ஒரு கல்யாண மண்டபத்தில் கொண்டுபோய் இறக்கிவிட்டார். வாசலில் நின்ற வாத்தியக்காரர்கள் எங்களைப் பார்த்ததும் மேளத்தைத் தட்ட ஆரம்பித்தார்கள்.

காலையில் பசியாற உருளைக்கிழங்கு வைத்த பராத்தா. தட்டில் வெண்ணெய் ஒரு கட்டியாக உட்கார்ந்திருந்தது. சாப்பாட்டில் குறை சொல்ல எனக்கு வாய் துறுதுறுக்கும், ஆனால் அந்தப் பராத்தாவை என்னால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. தேநீர்தான் சங்கடம். பால் இல்லாமல், சீனி இல்லாமல் வெறும் தேநீர் கேட்டேன். கடைக்காரர் என்னைக் கவலையோடு பார்த்து, உடம்பு சரியில்லையா என்று விசாரித்தார்.

அன்று சாயங்காலம் அறையிலேயே சோறு வடித்தேன். சைவப் போத்தலைத் திறந்து சம்பந்தியின் தட்டில் ஒரு கரண்டி வைத்தேன். முதல் வாய் வைத்தவர் அப்படியே நிறுத்தினார். என்னை ஒரு பார்வை பார்த்தார். காரம் அதிகமோ என்று நினைத்தேன். பிறகு குனிந்து தட்டைக் காலி செய்து, இன்னொரு கரண்டி தாமே போட்டுக்கொண்டார். பேச்சை எடுக்க நல்ல நேரம் கனிகிறது என்று நான் உள்ளுக்குள் குதித்தேன்.

ஆக்ராவில் அந்த வெள்ளை மாளிகையைப் பார்த்து வாய் பிளந்தது உண்மை. படத்தில் பார்த்துப் பார்த்துச் சலித்த ஒன்று நேரில் சலிக்காமல் இருப்பது அபூர்வம். ஆனால் நான் வந்த வேலையை மறக்கவில்லை. தோட்டத்தில் ஒரு நிழலில் உட்கார்த்தி, ஒரு ராஜா தன் மனைவிக்கு இவ்வளவு பெரிய தனி வீடு கட்டியிருக்கிறானே, நம் பிள்ளைகளுக்கு ஒரு சின்ன வரிசை வீடு போதாதா என்று நைசாக ஆரம்பித்தேன். சம்பந்தி கோபுரத்தைப் பார்த்தபடி இருந்தார்.

"செத்தப்புறம் கட்டின வீடு சம்பந்தி இது," என்றார். "எங்க மாடி ரூமுக்குப் பச்சைப் பெயிண்ட் அடிச்சாச்சு. கட்டில் வர்றதுதான் பாக்கி."

அதற்குமேல் பேசவிடாமல் ஒரு குரங்கு வந்து என் கைப்பையை இழுத்தது. அதோடு நான் போட்ட சண்டையில் பேச்சு திசை மாறிவிட்டது.

ஜெய்ப்பூர் போகும் ரயிலில் பெட்டி மாறி ஏறிவிட்டோம். எங்கள் இடம் எங்கேயோ இருக்க, பெட்டி முழுக்க ஒரு கல்யாணக் கூட்டம். எழுந்து போக வழியில்லாமல் பைகள், பெட்டிகள், அதன்மேல் பாட்டிகள். அவர்களே நகர்ந்து இடம் கொடுத்து, பூரியும் மாங்காய் ஊறுகாயும் கையில் திணித்தார்கள். நாங்கள் இருவரும் யார் என்று கேட்டார்கள். பெண்ணின் அம்மா, பையனின் அம்மா என்பதைச் சம்பந்தி தம் சினிமா இந்தியில் சொன்னதுதான் தாமதம், பெட்டியே சிரித்தது. பருத்த அம்மா ஒருவர் என் தொடையில் தட்டி ஏதோ சொன்னார். "எங்க ஊர்ல கல்யாணத்துக்கு அப்புறம்தான் சம்பந்திங்க சண்டை போடுவாங்க, நீங்க முன்கூட்டியே ஆரம்பிச்சிட்டீங்களா," என்று கேட்கிறாராம். எங்கள் மூஞ்சியில் எழுதி ஒட்டியிருந்தது போலும்.

ஜெய்ப்பூரில் வெயில் ஏறிவிட்டது. மண் குவளையில் லஸ்ஸி, மேலே ஆடையோடு. இரண்டு குவளை குடித்த தெம்பில் சுற்றி வளைக்காமல் கேட்டேன்: "அக்கா, எம் மக பீடோங்லயே இருக்கட்டும். நீங்க எப்ப வேணா வந்து பாக்கலாம்." சம்பந்தியின் முகம் சிவந்தது. தம் வீட்டில் என்ன குறை, தாம் என்ன மருமகளைக் கொடுமைப்படுத்துகிறவளா, ஒரே மகனை வைத்திருக்கிறவளுக்கு ஆசை இருக்கக் கூடாதா என்று பொரிந்து தள்ளினார். நானும் விடவில்லை. எனக்கு மட்டும் எட்டுப் பிள்ளைகளா இருக்கிறார்கள்? குவளைகளை உடைத்துப் போடும் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று இரண்டு பெண்கள் தமிழில் கத்தியதை ஜெய்ப்பூர் வேடிக்கை பார்த்தது. அதற்குப் பிறகு அரண்மனையும் சரி, காற்று மாளிகையும் சரி, ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டே நடந்தோம்.

ஒன்று சொல்ல வேண்டும். என்னோடு பேசாவிட்டாலும் என் சம்பலோடு அவருக்குச் சண்டை இல்லை. இரவுச் சோற்றுக்குப் போத்தலைத் தாமே எடுத்துக்கொண்டார்.

ஹரித்துவாருக்கு இப்படி வாய் மூடிய நிலையில் போய்ச் சேர்ந்தோம். காலையில் நல்ல குளிர். கங்கை பச்சையாக, நம் ஊர் ஆறுகள் வெட்கப்படும் வேகத்தில் ஓடுகிறது. படித்துறைக்குப் பின்னால் ஒரு விடுதியில் தங்கினோம். வாசலிலேயே எழுதிப் போட்டிருந்தார்கள், இந்த ஊர் எல்லைக்குள் மீன், இறைச்சி, முட்டை எதுவும் ஆகாது என்று. என் நெத்திலிப் போத்தல் ஆக்ராவிலேயே தீர்ந்திருந்தது. நல்லவேளை என்று நிம்மதியானேன்.

மத்தியானம் எனக்கே மனசு கேட்கவில்லை. வயதில் பெரியவர், நாளைக்கு என் மகள் போய்க் கும்பிட வேண்டியவர். சமாதானம் செய்ய எனக்குத் தெரிந்த ஒரே வழி சமையல்தான். குக்கர் சட்டியில் கொஞ்சம் எண்ணெய் விட்டு, வெங்காயம் வதக்கி, அந்தச் சைவச் சம்பலைப் போட்டுப் புதிதாகக் கிளறினேன். வாசம் கமகமவென்று கிளம்பியது. சிற்றுண்டிச்சாலையே வந்து அறைக்குள் உட்கார்ந்த மாதிரி இருந்தது எனக்கு.

முதலில் தாழ்வாரம் கூட்டும் பெண் எதையோ சொல்லிக்கொண்டே மூக்கைப் பொத்தினாள். எதுவோ செத்துக் கிடக்கிறது என்கிறாள் என்றார் சம்பந்தி. அப்புறம் கதவு தட்டப்பட்டது. விடுதி மேலாளர், நெற்றியில் சந்தனம், மரியாதையான மனிதர். அம்மா, உள்ளே மீன் சமைக்கிறீர்களா என்று ஆங்கிலத்தில் கேட்டார். எனக்கு வந்ததே கோபம். மீனா? சமையலில் என் மேல் பழியா? சட்டியைத் தூக்கி அவர் முகத்துக்கு நேரே காட்டி, இதில் இருப்பது என்ன தெரியுமா என்று விரல் விட்டு எண்ணிச் சொன்னேன். மிளகாய். வெங்காயம். புளி. கொஞ்சம் சீனி. பெலாச்சான்.

பெலாச்சான் என்று சொன்ன வாய் அப்படியே நின்றது.

வெளியூர்க்காரர்களுக்குச் சொல்கிறேன். இறால் குஞ்சை உப்புப் போட்டு இடித்துக் காயவைத்த கட்டிதான் பெலாச்சான். நம் ஊர்ச் சம்பலுக்கு அதுதான் உயிர். நான் நெத்திலியைப் போடாமல் விட்டேனே தவிர, மிளகாய் அரைக்கும்போது கை தன் பாட்டுக்கு அதை எடுத்துப் போட்டிருக்கிறது. கையில் உப்பு எடுக்கிற மாதிரி, யோசிக்காமல். மீனின் முள்ளும் தலையும் கண்ணில் படாவிட்டால் அது சைவம் என்று என் மூளையும் ஒத்துக்கொண்டிருக்கிறது.

அது என்ன பொருள் என்று மேலாளர் கேட்டார். பின்னாலிருந்து சம்பந்தி, கொஞ்சமும் பதறாமல், இறால் என்றார்.

மேலாளர் திட்டவில்லை. கைகூப்பி, தயவுசெய்து அறையைக் காலி செய்துவிடுங்கள், ஆற்றைத் தாண்டிப் போனால் தள்ளி வேறு விடுதிகள் இருக்கின்றன என்றார். எங்கள் பெட்டிகளைத் தாமே கீழே கொண்டுவந்து வைத்தார். அவர் அத்தனை மரியாதையாக நடந்துகொண்டது எனக்கு இன்னும் அவமானமாக இருந்தது.

படித்துறையில் கொஞ்சம் ஒதுங்கி உட்கார்ந்தோம். பெட்டிகள் ஒரு பக்கம், துணியில் சுற்றிய குக்கர் ஒரு பக்கம். வடக்கே வந்து மாலை ஆரத்திக்கு இடம் பிடித்த கூட்டத்தில் இப்படி ஒரு ஜோடி இருந்திருக்காது. எனக்கு அழுகை முட்டியது. டில்லியிலிருந்து அவருக்குத் தினமும் ஊட்டியிருக்கிறேனே. மகனுக்காகப் பிடித்த விரதம். இதை அபசகுனம் என்று அவர் எடுத்துக்கொண்டால்? கல்யாணமே நின்றுபோனால்? பீடோங்கா சுங்கைப் பட்டாணியா என்று சண்டை போட்டவள், மகளின் வாழ்க்கையையே கவிழ்த்துவிட்டேனோ?

"அக்கா, இது என் கை செஞ்ச தப்பு. எம் மக மேல போட்டுறாதீங்க," என்றேன்.

சம்பந்தி ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். "டில்லியிலயே தெரியும் சம்பந்தி. மொத வாயிலயே. தோட்டத்துல வளந்தவளுக்குப் பெலாச்சான் வாசம் தெரியாமப் போயிருமா?"

"தெரிஞ்சுமா சாப்பிட்டீங்க?"

"வேண்டுதல் எதுக்குன்னு நீங்க ஒரு நாளும் கேக்கலியே. பிரகாஷ் ஆக்லாந்துல ஒரு வேலைக்கு எழுதிப் போட்டிருந்தான். அது கெடைக்கக் கூடாதுன்னுதான் கவுச்சிய விட்டேன். போன மாசம் கெடைச்சிருச்சு. அப்புறம் எதுக்கு லா சைவம்?"

எனக்கு உடனே புரியவில்லை. அவரே மெல்ல மெல்லச் சொன்னார். கல்யாணம் முடிந்த கையோடு பிள்ளைகள் இருவரும் நியூசிலாந்துக்குப் போகிறார்கள். தர்ஷினிக்கு என்னிடம் சொல்லத் தைரியம் வரவில்லை. பக்குவமாகச் சொல்லும் பொறுப்பை அத்தையிடம் ஒப்படைத்து, அதற்காகத்தான் எங்களைச் சேர்த்து அனுப்பியிருக்கிறார்கள். ஊர் ஊராக அவரும் சொல்லப் பார்த்திருக்கிறார், வாய் வரவில்லை.

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். என் வயிற்றில் பிறந்தவள், என்னிடம் சொல்லாமல் ஊரையே கூட்டி வைத்துத் திட்டம் போட்டிருக்கிறாள். நானோ பின் தெருவில் வீடு பார்த்துக்கொண்டிருக்கிறேன். அந்தக் கோபத்தை யாரிடம் காட்டுவது? பக்கத்தில் இருந்தவரிடம் காட்டினேன். எல்லாம் தெரிந்தவர் எதற்காகப் பச்சைப் பெயிண்ட், கட்டில் என்று ஆக்ராவிலும் ஜெய்ப்பூரிலும் என்னோடு மல்லுக்கு நின்றாராம்?

"நீங்க வீட்டப் பத்திச் சண்டை போடறப்பல்லாம், அவங்க இங்கயே இருக்கப் போற மாதிரி இருந்துச்சு," என்றார். "அதான் நானும் போட்டேன்."

அதற்குமேல் என்னால் அவரைத் திட்ட முடியவில்லை. ஆரத்திக்கு மணி அடிக்க ஆரம்பித்தது. சம்பந்தி என் பக்கம் திரும்பாமலே இன்னொன்றும் சொன்னார். மகனிடம் தாம் சரி என்று சொல்லியாகிவிட்டது, இனி மாற்ற முடியாது. ஆனால் நான் வேண்டாம் என்றால் தர்ஷினி போகமாட்டாள். அவள் போகாவிட்டால் பிரகாஷும் போகமாட்டான். ஒரு வார்த்தை போதும்.

கைப்பேசியை எடுத்தேன். நான் அழைப்பதற்குக் காத்திருந்தவள்போல மகள் உடனே எடுத்தாள். "ம்மா, அத்தை சொல்லிட்டாங்களா?" என்றாள். "நீங்க வேணாம்னா வேணாம்மா. நெசமாத்தான் சொல்றேன். நாங்க இங்கயே இருந்துக்கிறோம்."

அவள் பொய் சொல்லவில்லை. அப்பா இல்லாமல் வளர்த்த பிள்ளை, என் குரலில் ஒரு பிசிறு தட்டினால் தன் ஆசையை மடித்து உள்ளே வைத்துவிடுவாள். சின்ன வயதிலிருந்து அப்படித்தான். பள்ளிச் சுற்றுலாவுக்குப் போகிறாயா என்று கேட்டால் என் முகத்தைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்பாள். எத்தனை வேண்டாம்களை அவளிடமிருந்து வாங்கியிருக்கிறேன் என்று அந்தப் படியில் உட்கார்ந்திருந்தபோதுதான் உறைத்தது. வேண்டாம் என்ற சொல் நாக்கின் நுனியில் இருந்தது, சத்தியமாக இருந்தது. பக்கத்தில் சம்பந்தி மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"ஆக்லாந்துல குளிருமாமே," என்றேன். "இங்க கம்பளிச் சட்டை நல்லாக் கெடைக்குது. ரெண்டு பேரோட அளவையும் அனுப்பு, நாளைக்குக் கடைக்குப் போறோம்."

மறுபக்கம் அவள் அழுவது கேட்டது. அழாதே, அளவை அனுப்பு என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். பிறகு நான் அழுதேன். கங்கைக் கரையில் எல்லாரும் கும்பிட்டுக்கொண்டிருந்ததால் யாரும் எங்களைக் கவனிக்கவில்லை.

இத்தனை நாள் ‘நீங்க’ போட்டுப் பேசிய கோமளம் அக்கா, என் முழங்கையைப் பிடித்து உலுக்கினார்.

"நீயாவது வேணாம்னு சொல்லியிருக்கலாம்ல பாக்கியம்?"

"நீங்க ஏன் அக்கா சொல்லல?"

"பெத்தவளாச்சே," என்றார்.

"நானும்தான்," என்றேன்.